பின்னிருக்கையில் என் மனுசன்: ஒன்ராறியோவில் என் சவாரி நாட்கள்

#1 | நெடுஞ்சாலை507 | 15 யூன் 2025

எல்லோருக்கும் வணக்கம்.

இந்தப் பகுதியில் ஐந்து வருடமாக எழுதுகிறேன். செயினுக்கு எண்ணெய் விடுவது, குளிர்காலத்தில் பற்றரியைக் காப்பாற்றுவது, எந்தச் சில்லு எவ்வளவு தூரம் ஓடும் என்பது, இவ்வளவுதான் இதுவரை என் எழுத்து. போன மாதம் ஒரு தம்பி, "நீண்ட தூரம் போகும்போது பின்னால் யாரை ஏற்றுவீர்கள்?" என்று கேட்டார். "என் மனுசனை" என்று எழுதினேன். உடனே இரண்டு பேர் வந்து, "அண்ணை, மனுசியை என்று திருத்துங்கோ" என்றார்கள். அன்று நான் பதில் எழுதவில்லை. ஒரு மாதமாக அது மனதில் கிடந்து உறுத்துகிறது.

அது எழுத்துப்பிழை இல்லை. எனக்கு வயது 44. நான் ஆண், என் துணையும் ஆண். 2013இல் ரொறன்ரோ நகரசபை மண்டபத்தில் பதிவுத் திருமணம் செய்தோம். ஒன்ராறியோவில் இது 2003 யூன் 10ஆம் திகதி நீதிமன்றத் தீர்ப்போடு சட்டமானது. 2005 யூலையில் கனடா முழுவதற்கும் வந்தது. நாங்கள் பத்து வருடம் பிந்தித்தான் போனோம். சட்டம் தயாராகத்தான் இருந்தது. என் அம்மா தயாராக இருக்கவில்லை, நானும் இருக்கவில்லை.

அவர் மட்டக்களப்பு, நான் வடமராட்சி. அவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது, பழகும் ஆசையும் இல்லை. ஆனால் பன்னிரண்டு வருடமாக என் பின்னால் இருந்து வருகிறார். வளைவில் உடம்பை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று இப்போது நான் சொல்லத் தேவையில்லை. தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ, இரண்டு தட்டு என்றால் தேத்தண்ணி.

நேற்று முன்தினம் போர்ட் டோவர் போய் வந்தோம். தெரியாதவர்களுக்காக: ஈரி ஏரிக்கரையில் இருக்கும் சின்ன ஊர். வெள்ளிக்கிழமையும் 13ஆம் திகதியும் ஒன்றாக வரும் நாளெல்லாம் அங்கே மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடுவார்கள். 1981 நவம்பர் 13 அன்று சில நண்பர்கள் கூடித் தொடங்கியது. இன்று கோடைகாலத்தில் வெள்ளி 13 வந்தால் பல்லாயிரம் பேர் வருகிறார்கள். ஸ்காபுரோவிலிருந்து விடியவே வெளிக்கிட்டோம். அவர் இடியப்பத்தையும் சம்பலையும் வாழையிலையில் சுற்றிக் கட்டி எடுத்து வந்தார். ஏரிக்கரையில், நரைத்த தாடிக்காரர்கள் நடுவில் இருந்து சாப்பிட்டோம். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் சம்பலை வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்த பிறகும் இன்னொரு முறை கேட்டார். "இவர் என் கணவர்" என்று அறிமுகப்படுத்தினேன். அவர் என் கணவருக்கும் கை கொடுத்துவிட்டு, என் சைக்கிளின் பின் சில்லில் காற்றுக் குறைவாக இருக்கிறது என்றார். உண்மையாகவே குறைவாகத்தான் இருந்தது.

வீடு திரும்பும் வழியில் ஒன்று யோசித்தேன். ஊரில் இரண்டு ஆண்கள் ஒரு மோட்டார் சைக்கிளில் போனால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பருத்தித்துறை வீதியில் பாதிச் சைக்கிள்களில் அப்படித்தான் போவார்கள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் அப்பா தன் பழைய ஹொண்டாவை மண்ணெண்ணெயில் ஓடவிட்டார். ஸ்ராட் பண்ண மட்டும் காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல். பின்னால் எப்போதும் யாராவது இருப்பார்கள், சித்தப்பாவோ பக்கத்து வீட்டு மாஸ்ரரோ. எண்ணெய் இல்லாத நாட்டில் ஒரு ஆளோடு மட்டும் ஒரு சைக்கிள் ஓடுவது பாவம் மாதிரி இருந்தது. அந்தப் பின்னிருக்கையில் இருப்பவர் யார் என்று சொன்னதும்தான் எல்லாம் மாறிவிடுகிறது.

ஆகவே இங்கே சொல்கிறேன். கேள்வி இருந்தால் கேளுங்கள். ஒளிக்க ஒன்றும் இல்லை.

#2 | மழைக்கால_ஓட்டி | 15 யூன் 2025

திருத்தச் சொன்ன இரண்டு பேரில் நான் ஒருவன். மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணா. உண்மையாகவே தட்டச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன்.

இருவரும் நல்லாயிருங்கள். சம்பல் செய்முறையைத் தனி இழையாகப் போடச் சொல்லுங்கள்.

#3 | பழைய_கிளச் | 15 யூன் 2025

தம்பி, உங்கள் பதிவுகளைத் தொடர்ந்து வாசிக்கிறவன் நான். காபரேற்றர் பற்றி நீங்கள் எழுதியதை அச்செடுத்து என் கராஜில் ஒட்டி வைத்திருக்கிறேன். அதனால்தான் வெளிப்படையாகச் சொல்கிறேன். இதை இங்கே ஏன் எழுத வேண்டும்? நான் என் மனுசியைப் பற்றி இங்கே எழுதுவதில்லை. வீட்டு விஷயம் வீட்டுக்குள் இருக்கட்டும். இது எஞ்சின் பேசும் இடம். எனக்கு உங்கள்மேல் கோபம் இல்லை. ஆனால் எங்கள் பிள்ளைகளும் இங்கே வாசிக்கிறார்கள்.

#4 | நெடுஞ்சாலை507 | 16 யூன் 2025

பழைய கிளச் அண்ணை, நேராகச் சொன்னதற்கு நன்றி. நானும் நேராகவே சொல்கிறேன்.

நீங்கள் உங்கள் மனுசியைப் பற்றி இங்கே எழுதியிருக்கிறீர்கள். பழைய இழைகளில் இருக்கிறது. அவவுக்கு முழங்கால் வருத்தம் என்று கால்மிதியை இறக்கிப் பூட்டியது, பின்னிருக்கைக்கு ஜெல் மெத்தை போட்டது, கிங்ஸ்ரனில் மழையில் மாட்டியபோது அவ உங்களைத் திட்டியது, எல்லாம் எழுதினீர்கள். நாங்கள் சந்தோசமாக வாசித்தோம். வீட்டு விஷயத்தை ஏன் இங்கே கொண்டுவந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் எழுதியதும் அவ்வளவுதான். இடியப்பம், தோளில் தட்டு, காற்றுக் குறைந்த சில்லு.

நான் ஏன் சொல்ல வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2019 செப்ரெம்பரில் ஃபோர்க்ஸ் ஒஃப் த கிரெடிட் வீதியில் விழுந்தேன். பெல்ஃபவுண்டன் பக்கம் அந்தக் கொண்டை ஊசி வளைவு உங்களுக்குத் தெரியும். வளைவின் உள்பக்கம் சரளைக்கல் சிதறிக் கிடந்தது, நான் வேகத்தைக் குறைக்கவில்லை. பிழை முழுக்க என்னுடையது. காறையெலும்பு முறிந்தது, தலையில் அடி, சில மணி நேரம் நினைவு தெளிவாக இல்லை. அன்று அவர் பின்னால் இருக்கவில்லை. பாடசாலையிலிருந்து ஓடி வந்தார்.

ஒன்ராறியோவில் 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. நோயாளி தானே முடிவெடுக்க முடியாத நிலையில் இருந்தால் யாரிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது. சட்டப்படி யாரையும் நியமித்திருக்காவிட்டால் வாழ்க்கைத்துணைதான் முதல். தாய் தகப்பன்கூட அதற்குப் பிறகுதான். ஆஸ்பத்திரியில் தாதி அவரிடம் "நீங்கள் யார்?" என்று கேட்டார். "கணவர்" என்றார். ஒரு கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுத் தாதி தன் வேலையைப் பார்த்தார்.

அப்புறம்தான் சொந்தக்காரர்கள் வந்தார்கள். என் மாமா ஒருவர், "குடும்பம் மட்டும் நிற்கட்டும், நீர் வெளியில் இரும்" என்று அவரிடம் சொன்னார். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். சட்டப்படி அந்த அறையில் இருக்க முதல் உரிமை அவருக்குத்தான். ஆனால் எங்கள் ஆட்களின் முன்னால் அவர் வாய் திறக்கவில்லை. நாற்பது நிமிடம் நடைபாதையில் நின்றார். ஏனென்றால் ஆறு வருடமாக நான் எல்லோரிடமும் "கூட இருக்கிற பிரெண்ட்" என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். அந்த நாற்பது நிமிடத்துக்கு மாமாவைவிட நான்தான் காரணம். அன்றிலிருந்து நான் அந்தச் சொல்லை வாயில் எடுப்பதில்லை.

பிள்ளைகள் வாசிக்கிறார்கள் என்றீர்கள். வாசிக்கட்டும் அண்ணை. அவர்களில் ஒருவனாவது என்னைப் போன்றவனாக இருப்பான்.

#5 | திருவொற்றியூர்_புல்லட் | 16 யூன் 2025

சென்னையிலிருந்து எழுதுகிறேன். இந்த இழையை ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன்.

எனக்கு 31 வயது. நான் தன்பாலீர்ப்பாளன். ஓட்டுவது 350 புல்லட். 1955ல் தொடங்கி இந்த ஊரில் புல்லட் செய்திருக்கிறார்கள், எங்கள் தாத்தா அந்த ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். நானும் என் துணைவரும் ஆறு வருடமாக ஒன்றாக இருக்கிறோம். ஹவுஸ் ஓனருக்கு நாங்கள் ரூம்மேட். போன டிசம்பரில் ஈ.சி.ஆர். என்ற கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு நாய் குறுக்கே வந்து நான் விழுந்தபோது, ஆஸ்பத்திரி பாரத்தில் உறவுமுறை என்ற இடத்தில் அவன் "அண்ணன்" என்று எழுதினான். என்னைவிட இரண்டு வயது சின்னவன். அவசரத்தில் வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

இங்கே தன்பாலுறவைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 377, 2018 செப்டம்பர் 6ல் போனது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் திருமண உரிமை தர மறுத்துவிட்டது. ஆனால் போன மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. இரண்டு பெண்கள் சம்பந்தப்பட்ட ஆட்கொணர்வு வழக்கு. குடும்பம் அமைத்துக்கொள்ளத் திருமணம் மட்டுமே வழி இல்லை, தேர்ந்தெடுத்த குடும்பம் என்று ஒன்று உண்டு என்று நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்கள். அதை அவனுக்குப் படித்துக் காட்டினேன். "அப்போ அடுத்த பாரத்தில் என்ன எழுதறது?" என்று கேட்டான். பதில் தெரியவில்லை.

நீங்கள் இருக்கும் பக்கத்தில் நம் மாதிரி ஆட்களுக்கென்று பைக் கிளப் ஏதாவது உண்டா அண்ணா?

#6 | மழைக்கால_ஓட்டி | 16 யூன் 2025

@திருவொற்றியூர்_புல்லட், இப்போது கை கால் எல்லாம் சரியா?

#7 | திருவொற்றியூர்_புல்லட் | 16 யூன் 2025

சரியாகிவிட்டது. முழங்காலில் தழும்பு மட்டும். நாய்க்கும் ஒன்றும் ஆகவில்லை.

#8 | நெடுஞ்சாலை507 | 17 யூன் 2025

தம்பி, அந்தப் பாரத்தை வாசித்ததும் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை.

கிளப் கேட்டீர்கள். இந்த வரலாறு எனக்குப் பிடித்த ஒன்று. லொஸ் ஏஞ்சலிஸில் சற்றேர்ஸ் என்று ஒரு மோட்டார் சைக்கிள் கிளப் 1954இல் தொடங்கியது. தன்பாலீர்ப்பு ஆண்களின் கிளப். அந்தக் காலத்து அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்கள் ஒரு மதுக்கடையில் கூடினால் பொலிஸ் பிடிக்கும். ஆனால் வார இறுதியில் மலைக்கு மோட்டார் சைக்கிளில் போகிற கூட்டத்தை யார் பிடிப்பது? கூடாரம் அடித்துத் தங்கினார்கள். அந்தக் கிளப் இன்றும் இருக்கிறது.

தன்பாலீர்ப்புப் பெண்கள் 1976இல் சான் பிரான்சிஸ்கோ பிரைட் ஊர்வலத்தில் மோட்டார் சைக்கிளில் முன்னால் ஓடினார்கள். டைக்ஸ் ஒன் பைக்ஸ் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. இன்று பல நாடுகளின் ஊர்வலங்களில் மோட்டார் சைக்கிள்கள்தான் முதலில் வரும். அதற்கு ஒரு எஞ்சின் காரணம் இருக்கிறது, பழைய கிளச் அண்ணைக்கு உடனே விளங்கும். நடக்கிறவர்களின் வேகத்தில் மோட்டார் சைக்கிளை ஓட்ட முடியாது. காற்றில் குளிர்கிற எஞ்சின் சூடேறிவிடும், அரைக் கிளச்சில் பிடித்துப் பிடித்துத் தட்டுகள் கருகும். அதனால் முன்னால் விட்டுவிட வேண்டும்.

நான் ஊர்வலத்தில் இரண்டு முறை ஓடினேன், நல்ல அனுபவம். ஆனால் அது வருடத்தில் ஒரு நாள். என் வருடத்தின் மற்ற நாட்கள் வேறு மாதிரி, அதையும் சொல்கிறேன்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நல்ல மழை வந்து வீதியிலிருக்கும் உப்பையும் மணலையும் கழுவும்வரை நான் சைக்கிளை வெளியில் எடுப்பதில்லை. மே தொடங்கி ஒக்ரோபர் வரை பிக்கரிங்கில் இருக்கும் வேலைக்கு அதில்தான் போவேன். சனிக்கிழமை காலையில் வெறுமையான ஒரு தரிப்பிடத்தில் புதிதாக எம்1 (மோட்டார் சைக்கிளுக்கான முதல் படி அனுமதிப்பத்திரம்) எடுத்த பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன். எம்1 எழுத்துப் பரீட்சை பாஸ் பண்ணினால் 90 நாள்தான் செல்லும். இரவில் ஓட்டக்கூடாது, பின்னால் ஆள் ஏற்றக்கூடாது, ஒரு சொட்டு மதுவும் கூடாது. அந்த 90 நாளுக்குள் பயம் போக வேண்டும், அடக்கமும் வர வேண்டும். பெரும்பாலும் எங்கள் தமிழ்ப் பிள்ளைகள். பெண் பிள்ளைகளும் வருகிறார்கள். மெதுவாக வட்டம் அடிப்பதைத்தான் நான் அதிக நேரம் பழக்குவேன். வேகம் எவருக்கும் வரும், மெதுவாக விழாமல் திருப்புவதுதான் கஷ்டம்.

மத்தியானத்துக்குப் பிறகு சாப்பாட்டு வேலை. 2020 வசந்தத்தில் தொற்று நேரம் ஸ்காபுரோவில் தனியாக இருந்த எங்கள் வயதானவர்களுக்கு ஐந்து பேர் சேர்ந்து சாப்பாடு கொண்டுபோகத் தொடங்கினோம். தொற்று போய்விட்டது, தனிமை போகவில்லை. அதனால் இன்றும் நடக்கிறது. என் கணவர்தான் சமையலுக்குப் பொறுப்பு. யாருக்கு உப்பில்லாமல், யாருக்கு சீனி வருத்தம், யாருக்குப் பல்லில்லை என்று ஒரு கொப்பி வைத்திருக்கிறார். ஒரு அம்மா, நாங்கள் யார் என்று தெரிந்த பிறகு எனக்குக் கதவு திறப்பதில்லை. அவவின் பெட்டியை இப்போதும் நாங்கள்தான் கட்டுகிறோம். கொண்டுபோய்க் கொடுப்பது வேறொருவர். அவவுக்கு மீன் குழம்பு என்றால் விருப்பம்.

இரத்தம் கொடுப்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் சவாரிக் குழு வருடா வருடம் ஒரு நாள் சேர்ந்து போய் இரத்தம் கொடுக்கும். விபத்து எங்கள் ஆட்களுக்குத்தான் அதிகம், ஆகவே இது எங்கள் கடன் மாதிரி. நான் வாசல் வரை போய்க் கோப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு நிற்பேன். ஆணோடு உறவு கொண்ட ஆணுக்குக் கனடாவில் வாழ்நாள் தடை இருந்தது. 2013இல் அதை ஐந்து வருடக் காத்திருப்பு ஆக்கினார்கள், 2016இல் ஒரு வருடம், 2019இல் மூன்று மாதம். மூன்று மாதம் என்றால் மூன்று மாதம் கணவனோடு கணவனாக இருக்காதே என்று அர்த்தம். எங்களைப் போல ஒருவருக்கொருவர் உண்மையாக வாழ்கிற தம்பதிக்கும் அதே விதிதான். 2022 செப்ரெம்பரில் அதை எடுத்துவிட்டு, ஆண் பெண் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கத் தொடங்கினார்கள். அந்த மாதமே போனேன். ஊசி ஏறியபோது அழுதேன். வலிக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை, ஒன்பது வருடம் வாசலில் நின்றிருக்கிறேன் என்றேன்.

#9 | கரவெட்டி_ரீச்சர் | 18 யூன் 2025

வணக்கம் தம்பி. நான் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவள் இல்லை. என் மகன் ஓட்டுகிறான். அவன் எங்கே போகிறான், எப்படி ஓட்டுகிறான் என்று அறியத்தான் ஒரு வருடமாக இங்கே சத்தமில்லாமல் வாசிக்கிறேன். நாங்கள் மார்க்கம் நகரில் இருக்கிறோம். அவனுக்கு 26 வயது.

மாசி மாதம் என்னிடம் சொன்னான். அம்மா நானும் அப்படித்தான், ஒரு பிள்ளை இருக்கிறான், நல்லவன் என்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. திட்டவில்லை. அழவும் இல்லை. சோற்றைப் போட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டேன். நான்கு மாதமாக இருவரும் சாப்பாட்டைப் பற்றியும் காலநிலையைப் பற்றியும் மட்டும் கதைக்கிறோம். அவன் தகப்பன் இல்லை, யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

உங்கள் அம்மா என்ன செய்தா? நான் அவனிடம் எதிலிருந்து தொடங்குவது?

#10 | நெடுஞ்சாலை507 | 18 யூன் 2025

ரீச்சர், நீங்கள் எழுதியதை இருவரும் சேர்ந்து வாசித்தோம்.

என் அம்மா இரண்டு வருடம் என்னோடு கதைக்கவில்லை. திருமணத்துக்கும் வரவில்லை. பிறகு அவவுக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை நடந்தது. என் கணவர் கோடை விடுமுறை முழுவதும் அவவோடு இருந்து நடைபழக்கினார். அதுவரை "அந்தப் பொடியன்" என்று சொன்னவ ஒரு நாள் "தம்பி சாப்பிட்டவரோ?" என்று கேட்டா. அவ்வளவுதான் நடந்தது. அழுகை, கட்டிப்பிடிப்பு ஒன்றும் இல்லை. இன்றும் கோயிலில் யாராவது கேட்டால் அவ பேச்சை மாற்றிவிடுவா. எனக்கு அதில் வருத்தம் உண்டு. இருந்தாலும் ஒவ்வொரு வெள்ளியும் அவருக்கென்று தனியாக ஒரு போத்தலில் தயிர் வாங்கி வைப்பா, மட்டக்களப்பார் தயிர் இல்லாமல் சாப்பிட மாட்டார்கள் என்று.

நீங்கள் பெரிதாக ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். உங்கள் மகன் ஏற்கெனவே கஷ்டமான பகுதியைச் சொல்லிவிட்டான். "நல்லவன்" என்ற சொல்லையும் உங்களுக்கென்று தந்திருக்கிறான். அந்தப் பிள்ளையின் பெயர் என்ன, எந்த ஊர், என்ன சாப்பிடுவான் என்று கேளுங்கள். உங்களுக்குப் பழக்கமான சாப்பாட்டுக் கதையிலிருந்தே தொடங்கலாம்.

அப்புறம் ஒரு அழைப்பு. வருகிற ஞாயிறு 22ஆம் திகதி காலை 8 மணிக்கு ஏழெட்டுப் பேர் 507ஆம் இலக்க வீதிப் பக்கம் போகிறோம். உங்கள் மகனை வரச் சொல்லுங்கள். எம்1க்கு அடுத்த எம்2 அனுமதிப்பத்திரம் இருந்தால் அந்தப் பிள்ளையையும் பின்னால் ஏற்றி வரலாம். அவனிடம் ஹெல்மெற் இல்லாவிட்டால் என்னிடம் இரண்டு மூன்று இருக்கிறது. இரவல் ஹெல்மெற் தலைக்குச் சரியாக இருக்க வேண்டும், அளவை மட்டும் முதலே சொல்லுங்கள்.

#11 | பழைய_கிளச் | 19 யூன் 2025

என் கருத்து மாறவில்லை. இந்த இடத்தில் எஞ்சின் கதைதான் இருக்க வேண்டும் என்பதே இன்றும் என் எண்ணம்.

ஆனால் ஒன்று. வெள்ளிக்கிழமை பின் சில்லில் காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறீர்கள். ஆள் ஏற்றிக்கொண்டு அப்படி 160 கிலோமீற்றர் போவது சரியில்லை. உங்கள் மனுசன் எத்தனை கிலோ? பின் ஸ்பிரிங்கை எத்தனை படி இறுக்கி வைத்திருக்கிறீர்கள்? ஞாயிறு அந்த வீதிக்குப் போவதென்றால் சனி பின்னேரம் என் கராஜுக்குக் கொண்டு வாருங்கள். பார்த்துவிடலாம்.

#12 | நெடுஞ்சாலை507 | 19 யூன் 2025

72 கிலோ, அண்ணை. ஏழு படியில் மூன்றில் இருக்கிறது. சனி 5 மணிக்கு வருகிறோம்.

#13 | திருவொற்றியூர்_புல்லட் | 19 யூன் 2025

@கரவெட்டி_ரீச்சர் அம்மா, உங்கள் மகன் உங்களிடம் சொன்னான். நான் இன்னும் என் அம்மாவிடம் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட கேள்வியைப் படித்த பிறகு, சொல்லலாமா என்று முதல் முறையாகத் தோன்றுகிறது.

#14 | கரவெட்டி_ரீச்சர் | 20 யூன் 2025

தம்பிமார் இருவருக்கும் நன்றி.

நேற்று இரவு கேட்டேன். பெயர் சொன்னான். ஊர் திருகோணமலை. மரக்கறி மட்டும்தான் சாப்பிடுவானாம். இன்று பின்னேரம் வரச் சொன்னேன், வந்தான். கத்தரிக்காய்க் குழம்பும் பருப்பும் வைத்தேன். நிறையக் கதைக்கவில்லை, கொஞ்சம் வெட்கப்பட்ட பிள்ளை. போகும்போது ஞாயிற்றுக்கிழமைச் சவாரியைச் சொன்னேன். இருவருக்கும் விருப்பம்.

ஹெல்மெற் அவனிடம் இல்லை. தையல் நாடா எடுத்து, புருவத்துக்குக் கொஞ்சம் மேலால் சுற்றி அளந்து பார்த்தேன். 58 சென்ரிமீற்றர்.